நடப்பவருக்கே முதல் வழி

என் கணவர் தெய்வசிகாமணி சாமி கும்பிடமாட்டார். பேரை மட்டும் தாத்தாவிடமிருந்து வாங்கிக்கொண்டார். கோயிலுக்குப் போகாத மனுஷன் கடைக்குப் போனால் மட்டும் அத்தனை ஆசாரம் பார்ப்பார். இந்த சோப்பு வேண்டாம், அந்தக் கம்பெனி நொய்யல் ஆற்றில் சாயத்தண்ணீர் விட்டது. இந்த பிஸ்கட் வேண்டாம், அதன் முதலாளி தேர்தலில் எவனுக்கோ பணம் கொடுத்தான். கல்யாணமான நாளிலிருந்து நான் பல் துலக்கிய பற்பசை எல்லாம் கொள்கைப்படி வாங்கியவை. அதில் ஒன்றுகூட ஒழுங்காக நுரைத்ததில்லை.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே சகித்தேன். சோப்பிலும் பற்பசையிலும் யாருக்கு என்ன நஷ்டம்? கார் வாங்கும்போதுதான் வினையே ஆரம்பித்தது.

என் சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை நிறுத்திக்கொண்ட பிறகு, வாரத்துக்கு மூன்று நாள் நீலாம்பூரில் இருக்கும் டயாலிசிஸ் மையத்தில் போய்ப் படுத்துக்கொள்வது என் பிழைப்பாயிற்று. கணவருக்குச் சர்க்கரை, அவரால் சிறுநீரகம் தரமுடியாது. தருகிறேன் என்று வந்த என் தம்பிக்கு ரத்தம் சேரவில்லை. எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. மூளைச்சாவு அடைந்த யாருடைய சிறுநீரகமாவது கிடைக்குமென்று பட்டியலில் பேரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தோம். டாக்டர் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "போன் வந்தா எடுத்த கையோட கெளம்பிடணும். உறுப்பு உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காது."

நாங்கள் இருப்பது கணியூரில். ஆஸ்பத்திரி கோவை நகரத்துக்குள். எங்களுடைய பழைய பெட்ரோல் வண்டியை மாநகர எல்லைக்குள் விடுவதை அந்த வருடத்தோடு நிறுத்திவிட்டார்கள். ஆகவே மின்சாரக் கார் ஒன்று வாங்கியே ஆகவேண்டும்.

"திகிரி கம்பெனி வண்டி வாங்கலாமுங்க. டயாலிசிஸ்ல என்ற பக்கத்துல படுக்கறாளே ரெஜினா, அவிய வீட்டுலயும் அதுதான். சிக்கலில்லாம ஓடுதாம்" என்றேன்.

அவர் பேப்பரை மடித்து வைத்தார். அப்படி மடித்தால் பிரசங்கம் வருகிறது என்று அர்த்தம்.

"அந்த முதலாளி மார்த்தாண்டனோட வண்டியா? போன வாரம் அவன் என்ன பேசினான்னு கேட்டியா நீயி? வரி கட்டாதவனுக்கு எதுக்கு ஓட்டுங்கறான். பொழைக்க வந்த சனத்த ஊருக்கு வெளிய கூடாரம் போட்டு வெக்கோணுமாம். என்ற காசுல அவன் மைக் வாங்கிப் பேசோணுமா?"

"அவன் வாயி, அவன் பேசறான். நமக்கு வண்டி நல்லா இருந்தாப் போதாதா? அவனா வந்து ஓட்டப் போறான்?"

"அவன்தான் ஓட்டறான்" என்றார் அவர். "சிரிக்காத. சிக்னலையெல்லாம் எடுத்துட்டாங்கல்ல? இப்ப சந்திக்குச் சந்தி வண்டிகளே ஒண்ணோட ஒண்ணு பேசி யாரு முன்னால போறதுன்னு முடிவு பண்ணிக்குது. எப்ப விட்டுக்குடுக்கறது, யாரக் கண்டா நிக்கறதுன்னு ஒவ்வொரு கம்பெனிக்காரனும் அவன் வண்டிக்கு ஒரு குணம் எழுதி வெக்கறான். அரசாங்கம் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், யாரையும் இடிக்கக் கூடாது. அதுக்கு மேல முதலாளி இஷ்டம். திகிரி யாரையும் இடிக்காது, ஆனா எடம் கெடைச்சா மூக்க நுழைச்சுரும். ரோட்டக் கடக்கற வயசானவங்க அரையடி நகந்தாப் போதும், ஒரசற மாதிரி போயிரும். அந்தாளு மேடையில பேசறத அது ரோட்டுல செய்யுது, அவ்வளவுதான்."

அவர் பாலிடெக்னிக்கில் முப்பது வருஷம் சிவில் பாடம் எடுத்தவர். அவரோடு வாதம் பண்ணி ஜெயித்த ஞாபகம் எனக்குக் கிடையாது. உண்மையைச் சொன்னால் அவர் சொன்னது சரியாகவும் இருந்தது. அதுதான் இன்றைக்கும் என்னைப் போட்டு அறுக்கிறது.

ஆக 'நேயம்' கம்பெனியின் காட்சிக்கூடத்துக்குப் போனோம். வாசலிலேயே அதன் நிறுவனர் யாழினி தேவசகாயத்தின் ஆளுயரப் படம். செருப்பில்லாமல், ஒரு ஊர்வலத்தின் முன்னால் நடந்து வருகிறார். கீழே, 'நடப்பவருக்கே முதல் வழி'. என் கணவர் அந்தப் படத்தின் முன்னால் நின்ற நிலையைப் பார்த்தால், கோயிலுக்குப் போகாதவர் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

விற்பனைக்கு நின்ற பெண் சின்னவள், கெட்டிக்காரி. எங்களை வண்டியில் உட்காரவைத்துவிட்டு, அவள் போய் வண்டிக்கு முன்னால், ஓரமாக, ஒரு மூலையில் நின்றாள். நேர் எதிரேகூட இல்லை. வண்டி நகரவில்லை. "சாலையில் ஒருவர் நிற்கிறார். அவர் கடந்து செல்லும்வரை காத்திருப்போம்" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். செய்தி வாசிப்பவர் மாதிரி சுத்தமான தமிழ். அவள் நடைபாதைமேல் ஏறிய பிறகுதான் வண்டி அசைந்தது.

"நடக்கறவங்க ரோட்ட விட்டு ஏறுற வரைக்கும் அசையாதுங்க சார். குறுக்கால வர்ற வண்டிங்ககிட்டயும் சண்டை போடாது. ஒரு வண்டி முந்திக்கணும்னு கேட்டா விட்டுக்குடுத்துரும்."

"அவசரம்னா என்ன பண்றது?" என்று கேட்டேன் நான்.

"ஆம்புலன்ஸுக்கு மட்டும்தாங்க மேடம் தனி வழி. முன்னாடி ஒரு அவசரப் பொத்தான் இருந்துச்சு. வசதி உள்ளவங்க சினிமாவுக்குப் போறதுக்கெல்லாம் அமுக்குனாங்க. யாழினி மேடமே அத எடுத்துடச் சொல்லிட்டாங்க. உங்க அவசரத்துக்கும் எதிர்ல நடக்கறவரோட அவசரத்துக்கும் வித்தியாசம் கெடையாதுன்னு சொல்லுவாங்க."

என் கணவர் கை தட்டினார். நிஜமாகவே இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். ஆனால் அன்று டயாலிசிஸ் முடிந்து வந்திருந்தேன், கால் சொன்னபடி கேட்கவில்லை. வண்டி வீட்டுக்கு வந்தது.

நியாயமாகவும் சொல்லவேண்டும். ஒரு நாள் எங்கள் தெருமுனையில், கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் ஜல்லிக்கூடையோடு தடுக்கி விழுந்தாள். எங்கள் வண்டி அவள் விழுவதற்கு முன்பே நின்றுவிட்டது. பின்னால் வந்த வண்டிகளையும் சேர்த்து நிறுத்திவிட்டது. அவள் எழுந்து, சேலையைத் தட்டி, கூடையை நிரப்பிக்கொண்டு போகும்வரை பொறுமையாக நின்றது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று எனக்கும் அந்த வண்டி பிடித்திருந்தது.

மற்ற நாட்களில் எங்களுக்கு ஊரார் வைத்த பேர் இளிச்சவாயர். நேயம் வருகிறது என்று தெரிந்தால் போதும், திகிரி வண்டிகள் வரிசையாக மூக்கை நுழைத்துக்கொண்டு போகும். கல்லூரிப் பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நடைபாதையிலிருந்து ஒற்றைக் காலை மட்டும் ரோட்டில் வைத்து எங்களை நிறுத்திவிட்டு, செல்பி எடுத்துக்கொள்வார்கள். எல்லா விசேஷத்துக்கும் நாங்கள் பந்தி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்வோம்.

"அவியளுக்கும் ரோடு சொந்தந்தானே பிருந்தா" என்பார் இவர்.

ரெஜினாவிடம் இதைச் சொன்னால் டயாலிசிஸ் நாற்காலியிலேயே குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். ஊசி குத்தியிருக்கும் கையை அசைக்காதே என்று நர்ஸ் வந்து திட்டவேண்டியிருக்கும். முப்பது வயதுகூட ஆகாத பெண். சின்னியம்பாளையத்தில் ஒரு பேக்கரியில் கணக்கெழுதுகிறாள். அவள் புருஷன் ஸ்டீபனுக்குத் திகிரி சார்ஜிங் நிலையத்தில் வேலை. வேலையோடு சேர்த்து ஒரு பழைய திகிரி வண்டியும் கொடுத்திருந்தார்கள்.

"அந்த மார்த்தாண்டன் உங்களமாதிரி வரி கட்டாத ஆளுகளப் பத்தித்தானே கண்டபடி பேசறான், உனக்குக் கோவம் வல்லியா?" என்று ஒரு முறை கேட்டேன்.

"அவன் பேசறத நான் கேக்கறதே இல்லீங்க்கா. வண்டி குடுத்தாங்க, ஓட்டறோம். வேணாம்னு சொல்ற அளவுக்கு நாங்க எங்கீங்க்கா இருக்கறோம்?"

எனக்கும் அவளுக்கும் ஒரே ரத்த வகை. பட்டியலில் யார் மேலே, யார் கீழே என்று எங்களுக்குத் தெரியாது. "ஒங்களுக்குக் கெடைச்சா எனக்கு ட்ரீட்டு, எனக்குக் கெடைச்சா ஒங்களுக்குப் பப்ஸு" என்பாள். நானும் சரியென்பேன்.

அந்த போன் ஒரு காலை வேளையில் வந்தது. இட்லி ஊற்றி வைத்திருந்தேன்.

"பிருந்தா மேடம், ஒரு கிட்னி வந்திருக்கு. உங்களுக்குச் சேருது. நீங்கதான் முதல்ல. உடனே கெளம்பி வந்துடுங்க. வழக்கப்படி இன்னொருத்தரையும் வரச் சொல்லி வெக்கறோம், அதப்பத்தி நீங்க கவலைப்படாதீங்க. நேரத்துக்கு வந்துட்டா உங்களுக்குத்தான்."

யாரோ ஒருவர் விபத்தில் இறந்துபோயிருக்கிறார், அவர் வீட்டில் இந்த நேரத்தில் அழுதுகொண்டிருப்பார்கள் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அடுத்த நிமிஷமே அதை மறந்தேன். உயிரோடு இருக்கப்போகிறோம் என்ற ஆசை வந்துவிட்டால் வேறெதுவும் மனதில் நிற்பதில்லை. அவர் என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"ஆம்புலன்ஸ் கூப்பிடலாமுங்களா?"

"அது கணியூர் வந்து சேர்றதுக்குள்ள நாம ஆஸ்பத்திரியில இருப்போம். ஏறு."

அடுப்பை அணைத்தேனா என்றுகூடப் பார்க்காமல் ஏறினோம். அவினாசி ரோட்டில் பாதி தூரம் காற்றாகப் போனோம். அன்று பார்த்து மேம்பாலத்தை மராமத்துக்காக மூடியிருந்தார்கள். எல்லா வண்டிகளும் கீழ்ச்சாலையில் வந்து கொட்டின. ஹோப்ஸ் சந்திக்கு வந்ததும் எங்கள் வண்டி நின்றது.

குறுக்கே போகிற ரோட்டில் வண்டிகள் ஓயாமல் வந்தன. பாதிக்குமேல் திகிரி. ஒவ்வொன்றும் முந்திக்கொள்ள வழி கேட்டது. எங்களுடையது ஒவ்வொன்றுக்கும் கொடுத்தது. "எதிரில் உள்ள வாகனத்துக்கு வழிவிடுகிறோம். பொறுமைக்கு நன்றி." மறுபடியும், "எதிரில் உள்ள வாகனத்துக்கு வழிவிடுகிறோம்." எங்கள் பக்கத்து வரிசையில் இருந்த திகிரி வண்டிகள் இடைவெளி பார்த்து ஒவ்வொன்றாக நழுவிப் போய்க்கொண்டிருந்தன. நாங்கள் வரிசைக்கு முதலில் இருந்தும் போகமுடியாமல் கிடந்தோம்.

"கையில ஓட்ட முடியாதுங்களா?"

"டவுனுக்குள்ள முடியாது. ஸ்டியரிங் வெளிய வராது."

அவர் பேச்சு கொடுத்துப் பார்த்தார். பேஷன்ட் இருக்கிறார், அறுவை சிகிச்சை இருக்கிறது என்று காரிடம் கெஞ்சினார். "உங்கள் கவலை புரிகிறது. சாலையில் உள்ள எல்லோருக்கும் அவரவர் அவசரம் இருக்கிறது" என்றது அது. அவருக்கு முகம் சிவந்தது. இத்தனை வருஷத்தில் அவர் யாரையும் கெட்ட வார்த்தையில் திட்டி நான் கேட்டதில்லை. அன்று ஒரு காரைத் திட்டினார்.

பிறகு நம் ஊரில் எந்த ஆம்பிளையும் செய்வதை அவரும் செய்தார். கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். விறுவிறுவென்று சந்தியின் நடுவுக்குப் போய், குறுக்கே வரும் வண்டிகளைப் பார்த்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். கல்யாண வீட்டு வேன் திரும்பவும், மணல் லாரி பின்னால் வரவும், பள்ளிக்கூட பஸ் நுழையவும் ஒருவர் இறங்கிக் கை காட்டுவாரே, அதே மாதிரி.

திகிரி வண்டிகள் நின்றன. மார்த்தாண்டன் என்ன குணம் எழுதியிருந்தாலும் ஆள்மேல் ஏற்றச் சட்டம் விடாதே. குறுக்குச் சாலை முழுக்க அடங்கிவிட்டது. எங்கள் முன்னால் வழி திறந்து கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் புருஷன் எனக்காக நடுரோட்டில் கை விரித்துக்கொண்டு நிற்கிறார் என்று அவ்வளவு பெருமையாக இருந்தது.

"சாலையில் ஒருவர் நிற்கிறார்" என்றது கார். "அவர் கடந்து செல்லும்வரை காத்திருப்போம்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கண்ணாடியை இறக்கிக் கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை. அவர் முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு எதிரே நின்ற வண்டிக்காரர்களிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். போனைப் போட்டேன். அது காருக்குள்ளேயே அடித்தது. அவர் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். வா வா என்று கையை ஆட்டினார். எங்கள் வண்டிக்கு முன்னால் இடைஞ்சலாக எதுவும் இருக்கக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, பக்கத்து வரிசையிலிருந்து வந்த வண்டிகளையெல்லாம் போ போ என்று விரட்டி அனுப்பினார். கறுப்புக் கண்ணாடி போட்ட வண்டிகள் நாலைந்து அவரைச் சுற்றிக்கொண்டு விர்ரென்று போயின.

கோயமுத்தூர்க்காரர்கள் நல்லவர்கள். ஒருவர் ரோட்டில் இறங்கிக் கை காட்டினால் என்ன ஏது என்று கேட்காமல் உதவிக்கு வருவார்கள். ஒரு இளநீர்க் கடைக்காரர் வந்தார். ஒரு பேங்க் ஊழியர் தன் காரிலிருந்து இறங்கி வந்தார். "பேஷன்ட் இருக்குதாமா? நீங்க அந்தப் பக்கம் பாருங்க, நான் இந்தப் பக்கம் பாக்கறேன்" என்று ஆளாளுக்கு ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார்கள். "சாலையில் மூவர் நிற்கிறார்கள்" என்றது கார். கொஞ்ச நேரத்தில் "ஐவர்" என்றது. இலக்கண சுத்தமாக எண்ணிக்கொண்டே போனது.

நான் கதவைத் திறந்து இறங்கினேன். அவரிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நாலடி வைத்தேன். தலை சுற்றியது. வண்டியைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். உடனே எல்லோரும் ஓடிவந்தார்கள். ஒருவர் விசிறினார், ஒருவர் இளநீரை வாயில் ஊற்றப் பார்த்தார். சிறுநீரகம் கெட்டவளுக்கு இளநீர் ஆகாது என்று சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை.

"எல்லாரும் ரோட்ட விட்டுப் போங்க" என்று அவர் காதில் சொன்னேன். "நீங்க நின்னா அது போவாதுங்க. ஆளு இருந்தா அது போவாது."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இதற்குமேல் எழுதமாட்டேன்.

எல்லோரையும் நடைபாதைக்கு ஏற்றி, என்னைத் தூக்கி உட்காரவைத்து, அவரும் ஏறிக் கதவைச் சாத்தியபோது, குறுக்குச் சாலை பழையபடி ஓடத் தொடங்கியிருந்தது. "எதிரில் உள்ள வாகனத்துக்கு வழிவிடுகிறோம்" என்றது கார்.

இறங்கி வேறு வண்டியில் ஏறியிருக்கலாமே என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். வீட்டு சோபாவில் உட்கார்ந்து யோசித்தால் எனக்கும்தான் அது தோன்றுகிறது. அங்கே அடுத்த விநாடி வழி கிடைத்துவிடும் என்றுதான் ஒவ்வொரு விநாடியும் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அந்த ஒருங்கிணைப்பாளர் பெண் வாசலிலேயே நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. "எவ்வளவோ பாத்தோம் மேடம். அதுக்குமேல வெச்சிருந்தா உறுப்பு வீணாயிடும்னு டாக்டர் சொல்லிட்டார். ரெண்டாவதா வரச் சொன்னவங்க வந்து ரெடியா இருந்தாங்க" என்றாள். அவர் தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். நான்தான் அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தேன். வரும்போதும் அதே கார்.

வண்டியை விற்றுவிடுவார் என்று நினைத்தேன். இல்லை. யாழினி தேவசகாயம் அவினாசியில் ஒரு கூட்டத்துக்கு வந்தபோது இவர் நேரில் போய்க் கேட்டார். மைக்கைக் கையில் வாங்கி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அதை நான் வீட்டில் டிவியில் பார்த்தேன். அந்த அம்மாள் கண்கலங்கினார். நடிப்பில்லை, பார்த்தாலே தெரிந்தது. மேடையிலிருந்து இறங்கிவந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க மனைவிகிட்ட நான் மன்னிப்புக் கேக்கறேன். ஆனா இந்த விதிய மாத்தமாட்டேன். ஒருத்தருக்காக மாத்தினா மறுபடியும் அது வசதியுள்ளவங்க பொத்தானாத்தான் ஆகும். இந்த மூணு வருஷத்துல எங்க வண்டியால நடந்து போற ஒருத்தர்கூடச் சாகலை" என்றார். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது.

கேமரா என் கணவர் பக்கம் திரும்பியது. அவரும் தட்டிக்கொண்டிருந்தார்.

அன்று முதல் எனக்கு அவரோடு பேச்சு குறைந்துபோயிற்று. அவருக்கோ சோறு இறங்கவில்லை. தட்டில் போட்டதைப் பிசைந்துகொண்டே இருப்பார், பாதியில் எழுந்துவிடுவார். சர்க்கரை மாத்திரை போடுகிறவர், இப்படிப் பட்டினி கிடந்தால் என்னாவது என்று எனக்குப் பயமும் இருந்தது, கிடக்கட்டும் என்ற வஞ்சமும் இருந்தது.

இதற்கிடையில் ரெஜினாவின் நாற்காலி காலியாகவே கிடந்தது. நர்ஸிடம் கேட்டேன். "அவங்களுக்குக் கெடைச்சிருச்சே, தெரியாதா?" என்றாள். எந்த நாள் என்று கேட்கவேண்டியிருக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. நல்லவள், சின்னப்பெண், பிழைத்தாளே என்றெல்லாம் மனதுக்குச் சொல்லிப் பார்த்தேன். எரிச்சல் அடங்கவில்லை.

உடம்பு தேறிய பிறகு ஒரு நாள் அவள் டயாலிசிஸ் மையத்துக்கு வந்தாள். முகத்தில் ரத்தம் ஊறியிருந்தது. நர்ஸுகளுக்கு ஒரு பெட்டி கேக், எனக்குத் தனியாகப் பப்ஸ். நான் சாப்பிடக்கூடாது என்பதை மறந்துவிட்டாள். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனவர்களுக்கு அதெல்லாம் சீக்கிரம் மறந்துவிடும் போல.

"அக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லியே ஆவோணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கி ஹோப்ஸ்ல பயங்கர டிராபிக்குங்க்கா. எங்க வண்டியே மாட்டிக்கிச்சு. அவ்வளவுதான், போச்சுன்னு அழுதுட்டேன். பாத்தா நடு ரோட்டுல நம்ம அண்ணன்! ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு அத்தன வண்டியையும் நிறுத்தி வெச்சிருக்கறாரு. யாருக்கோ ஒதவி பண்ணிக்கிட்டு இருந்தாரு போல. எங்க வண்டியப் பாத்துப் போ போன்னு கையாட்டுனாரு. நாங்க உள்ள இருக்கறது அவருக்குத் தெரிஞ்சிருக்காது. அவரு மட்டும் நிக்கலீன்னா நான் இன்னைக்கி இங்க வந்து பேசிக்கிட்டிருக்க மாட்டேன். அண்ணங்கிட்ட மறக்காமச் சொல்லுங்க்கா."

"சொல்றேன்" என்றேன். முதலில் கூப்பிட்ட ஆள் நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. அவள் வயிற்றில் ஓடிக்கொண்டிருப்பதை இனி நான் கேட்டு என்ன ஆகப்போகிறது?

அன்று மத்தியானம் அவருக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தேன். அவரைக் குத்தவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ரெஜினா சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். நீங்கள்தான் வழி திறந்துவிட்டீர்கள், நீங்கள்தான் போ போ என்று அனுப்பிவைத்தீர்கள், எனக்கு வந்ததை உங்கள் கையாலேயே எடுத்து அவளுக்குக் கொடுத்தீர்கள் என்றேன். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன்.

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. அழட்டும் என்று விட்டேன். பிறகு தலையைத் தூக்கினார்.

"அந்தப் புள்ள என்ன வண்டியில வந்துச்சு?" என்றார்.

அவள் வீட்டில் திகிரி என்று நான் எப்போதோ சொன்னது அவர் நினைவில் இல்லை. என் வாயில் அந்தப் பேர் தயாராக இருந்தது. துப்பியிருந்தால் அந்த மனுஷன் அதோடு முடிந்திருப்பார். அவரைக் கொல்லும் அளவுக்கு எனக்கு ஆத்திரம் இருந்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தேன். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு ஒரு வாய் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தது அந்த முகம்.

"நேயம்" என்றேன்.

"அப்படியா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாத்தியா பிருந்தா? நமக்குக் கெடைக்கலீன்னாலும், நம்ம வண்டிதான் ஒரு உசுரக் கொண்டுபோய்ச் சேத்தியிருக்குது."

நேயமாக இருந்திருந்தால் அதுவும் அவர் நிற்பதைப் பார்த்து அங்கேயே நின்றிருக்கும். பாலிடெக்னிக்கில் முப்பது வருஷம் பாடம் எடுத்தவருக்கு அது தோன்றவில்லை. தட்டில் பிசைந்து வைத்திருந்ததை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். அப்புறம் ரசம் கேட்டார். நான் ஊற்றினேன்.